கிரியாட்டினின் 274, சின்சே கொடுத்த 14 பொட்டலம்: குடிக்கலாமா?

மார்ச் 3, மாலை. கேள்வி (மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்)

அம்மாவுக்கு வயது 62. இருபது வருசமா சர்க்கரை. கிரியாட்டினின் 274, பொட்டாசியம் 5.4. லோசார்ட்டன் 50, மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, இன்சுலின். டாக்டர் டயாலிசிஸ் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டார். டவுன்ல ஒரு சின்சே (சீன வைத்தியர்) நாடி பார்த்து "ஷென் பலவீனம்"னு சொல்லி 14 பொட்டலம் குடுத்தார். மூணு மாசத்துல கிரியாட்டினின் இறங்கும், இங்கிலீஷ் மருந்தை மெதுவா விட்டுடலாம்ங்கிறார். நாலு பொட்டலம் குடிச்சாச்சு. தொடரலாமா? லோசார்ட்டனை நிறுத்தலாமா?

மார்ச் 3, இரவு

இரத்த அழுத்த மாத்திரையான லோசார்ட்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம். மீதிப் பொட்டலங்களைப் பிரிக்கவும் வேண்டாம். சின்சேயிடம் சீட்டு வாங்கி, ஒவ்வொரு சரக்கின் பெயரையும் கிராமையும் இங்கே எழுதுங்கள். சீன எழுத்தில் இருந்தால் அவரையே வாசிக்கச் சொல்லிக் காதில் விழுந்தபடி எழுதினால் போதும். மாண்டரின் உச்சரிப்பா கான்டனீஸா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "பாக் கேய்" என்று கடையில் விற்பதும் சீட்டில் "ஹுவாங் சீ" என்று இருப்பதும் ஒரே வேர்தான். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து இரட்டை அளவு போடுபவர்கள் உண்டு.

கிரியாட்டினின் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. 274 என்பது மலேசிய அளவில், மைக்ரோமோலில். தமிழ்நாட்டு வாசகர்கள் 88.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: மில்லிகிராம் கணக்கில் 3.1. அந்த வயதில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) சுமார் 16 வரும், அதாவது கிட்னி நோயின் ஐந்து நிலைகளில் நான்காவதின் அடிப்பகுதி. "கிட்னிக்குச் சீன மருந்து நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை கிராம், எப்படிக் காய்ச்சியது, குடிப்பவரின் பொட்டாசியம் எவ்வளவு, நோய் எது என்று கேட்டால் பதில் உண்டு.

மார்ச் 4, காலை

சீட்டு வந்துவிட்டது. வாசகர் எழுதியபடியே, ஒரு நாளைக்கு:

ஹுவாங் சீ 30, தாங் ஷென் 15, ஃபூ லிங் 15, பாய் ஷூ 12, தா ஹுவாங் 10, தான் ஷென் 15, யீ மூ த்ஸாவ் 30, பூ கோங் யிங் 30, ச்சே ச்சியன் த்ஸி 15, மூ தொங் 6, கான் த்ஸாவ் 6. எல்லாம் கிராம். மொத்தம் 184.

சின்சே ஏமாற்றுக்காரர் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். சீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நான்கும் "சீ" என்று அவர்கள் சொல்லும் உயிராற்றலை ஏற்றவும் நீரை வெளியேற்றவும். தா ஹுவாங், அதாவது சீன ருபார்ப் வேர், வயிற்றைக் கழுவ. தான் ஷெனும் யீ மூ த்ஸாவும் "இரத்தத் தேக்கத்தை" நீக்க. பூ கோங் யிங் டான்டிலியன், உஷ்ணம் தணிக்க. ச்சே ச்சியன் த்ஸி ஒரு சிறு விதை, மூ தொங் ஒரு கொடித்தண்டு, இரண்டும் சிறுநீர் பெருக்கி. கான் த்ஸாவ் அதிமதுரம். சீனச் சீட்டில் அது நம் ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி, ஏன் என்று கேட்காமலே விழும்.

சிக்கல்கள் நான்கு. எதை முதலில் பார்க்க வேண்டுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

பொட்டாசியம். யீ மூ த்ஸாவும் பூ கோங் யிங்கும் முழுச் செடிகள், இரண்டும் சேர்த்து 60 கிராம் காய்ந்த கீரை. கிட்னி நோயாளிக்கு டயட்டீஷியன் என்ன சொல்வார்? கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடு என்பார். பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால்தான் அந்த யோசனை. கஷாயத்தில் நாம் கீரையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம். ஏற்கெனவே 5.4, கூடவே பொட்டாசியத்தை ஏற்றும் லோசார்ட்டன். நாலு பொட்டலம் உள்ளே போயாயிற்று. இன்றே இரத்தம் எடுங்கள்.

மூ தொங். இந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு செடிகள் இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று சிறுநீரகத்தைக் கொல்லும். தனிக் குறிப்பாக எழுதுகிறேன். அதுவரை அந்தத் தண்டு கலந்த எதையும் குடிக்க வேண்டாம்.

அதிமதுரம். 6 கிராம் தினமும், வாரக்கணக்கில். கிளைசிரைசின் என்ற பொருள் சோடியத்தையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும். அழுத்தம் ஏறும், கால் வீங்கும்.

தா ஹுவாங் 10 கிராம். நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போவது நோக்கம். ஐந்தாறு முறை போனால் உடம்பில் நீர் குறைந்து, கிரியாட்டினின் ஏறும். கழிச்சல் நல்லது, "விஷம் இறங்குது" என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

மார்ச் 4, மதியம்

காலையில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், அதுவும் சீனச் சரக்கே அல்ல. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் அதை நிறுத்த வேண்டும். 16-இல் அது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர வழிசெய்யும். பழைய சீட்டை வைத்தே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும். இன்று இரத்தம் எடுக்கப் போகும்போது இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

மார்ச் 4, இரவு

"அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும்னு படிச்சேன், அப்ப இந்த அம்மாவுக்கு அது நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புத்திசாலித்தனமான கேள்வி, பதில் வேண்டாம் என்பதுதான். சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, அதை அதிமதுரம் தடுக்கிறது. தடுத்ததும் கார்ட்டிசால் ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும்: சோடியம் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். ஆனால் வெளியேற்ற வேலை செய்யும் சிறுநீரகம் வேண்டுமே. 16-இல் சோடியம் தங்குவது நிச்சயம், பொட்டாசியம் போவது சந்தேகம். வாயிலைத் திறந்து வெள்ளத்தை உள்ளே விட்டு, பூனை வெளியே போகும் என்று காத்திருப்பது போல.

மார்ச் 5

வாசகர் ஒரே ஒரு எண் எழுதியிருக்கிறார்: 5.9.

இதை வாசிக்கும்போதே அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். கஷாயம் குடித்ததை மறைக்காதீர்கள். சீட்டையும் ஒரு பொட்டலத்தையும் பிரிக்காமல் கையில் கொண்டுபோங்கள். வழியில் இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பொட்டாசியம் உப்பும் வேண்டாம். நட்சத்திரப் பழமும் கூடாது. அதற்குக் காரணம் வேறு: கிட்னி நோயாளிகளுக்கு அது நேரே மூளையைத் தாக்கும், முதலில் அடங்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு.

3-ஆம் தேதி லோசார்ட்டனை நிறுத்தாதீர்கள் என்று எழுதியவன் நானேதான். இப்போது டாக்டர் சில நாளைக்கு நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். சின்சே சொன்னதும் டாக்டர் சொல்வதும் ஒரே சொல்தான், கணக்கு வேறு. டாக்டர் 5.9-ஐ இறக்க நிறுத்துகிறார், இறங்கியதும் குறைந்த அளவில் திரும்பக் கொடுக்கப் பார்ப்பார்.

மார்ச் 6

5.2-க்கு வந்துவிட்டதாம். மெட்ஃபார்மினையும் எடுத்துவிட்டார்களாம். நல்லது.

இனி நிதானமாக. "ஷென் பலவீனம்" என்றால் என்ன? சீன மருத்துவத்தில் ஷென் என்பதைக் கிட்னி என்று மொழிபெயர்ப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. ஷென் நீரைக் காப்பது உண்மை. கூடவே அது எலும்பு, காது, முடி, குழந்தைப்பேறு, அச்சம், குளிர்காலம், கறுப்பு நிறம் எல்லாவற்றுக்கும் உரியது. ஷென் பலவீனம் என்று சொன்னால் இடுப்பு வலி, காதில் இரைச்சல், இரவில் பலமுறை எழுவது, ஆண்மைக்குறைவு என்று பொருள். அப்படிச் சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் கிரியாட்டினின் சரியாக, 80-தான் இருக்கும். மறுபக்கம், நிஜமான கிட்னி நோயைப் பழைய சீன வைத்தியர்கள் ஷென் என்ற தலைப்பில் மட்டும் வைக்கவில்லை: வீக்கம் ஒரு தலைப்பு, சிறுநீர் அடைப்பு ஒன்று, குமட்டலோடு சிறுநீரும் நின்றுபோகும் கடைசி நிலைக்கு "குவான் கே" என்று ஒன்று.

ஆகவே கடையில் "கிட்னி டானிக்" என்று சிரிக்கும் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் லியூ வெய் தீ ஹுவாங் உருண்டை. சோங் காலத்துக் குழந்தை வைத்தியர் ச்சியன் யீ, பழைய எட்டுச் சரக்கு உருண்டையிலிருந்து சூடான இரண்டை (பட்டைக்குச்சியும் பதப்படுத்திய அக்கோனைட் கிழங்கும்) எடுத்துவிட்டு ஆறாக்கியது. விகிதம் 8:4:4:3:3:3. மண்டையோடு மூடாத, வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளுக்காகக் கட்டிய மருந்து. டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

மார்ச் 8

மூ தொங். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நூல்களின் மூ தொங் அகேபியா என்ற கொடி. சிச்சுவான் பக்கம் "ச்சுவான் மூ தொங்" என்று க்ளெமாட்டிஸ் கொடியின் தண்டைப் பயன்படுத்தினார்கள். வடகிழக்கில், மஞ்சூரியாவில், "குவான் மூ தொங்" என்று மூன்றாவது ஒன்று: அரிஸ்டலோக்கியா மஞ்சூரியென்சிஸ். சிறுநீரகத்தைக் கொல்வது இதுதான். இருபதாம் நூற்றாண்டில் மலிவாகக் கிடைத்த இந்த மூன்றாவதுதான் சந்தையைப் பிடித்தது. சீட்டில் வெறும் "மூ தொங்" என்று எழுதினால் கடைக்காரர் குவான் மூ தொங்கை அள்ளிப் போட்டார்.

அதே கதை இன்னொரு பெயரிலும் நடந்தது. "ஃபாங் ஜி" என்றால் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேர், "ஹான் ஃபாங் ஜி". தெற்கில் "குவாங் ஃபாங் ஜி" என்று இன்னொன்று. அது அரிஸ்டலோக்கியா ஃபாங்சி. பிரஸ்ஸல்ஸில் ஒரு உடல் இளைப்பு மருத்துவமனை 1990-இல் தன் கலவையில் ஸ்டெஃபானியாவைச் சேர்த்தது. வந்த சரக்கு அரிஸ்டலோக்கியா. இரண்டு வருடத்துக்குள் இளம்பெண்களின் சிறுநீரகங்கள் சுருங்க ஆரம்பித்தன. 1993-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது, கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்டோர். அந்தக் கஷாயத்தைக் குடித்தவர்களில் சிறுநீரகம் முற்றிலும் போன 39 பேர் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். அவர்களில் 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. இது 2000-இல் வெளியான கணக்கு. அந்தச் செடியை மொத்தமாக 200 கிராமுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் சீட்டில் நாளைக்கு 6 கிராம் என்றால் 34 நாளில் அந்த எடையைத் தாண்டிவிடும். செடி வேறு, அதிலுள்ள நச்சு அமிலத்தின் அடர்த்தி வேறு, ஆகவே நேரடி ஒப்பீடு ஆகாது. கை எவ்வளவு சீக்கிரம் அங்கே போகிறது என்று பார்க்கத்தான் சொன்னேன்.

இந்தச் செடிகளில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகக் குழல்களின் செல்லுக்குள் போய் மரபணு இழையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் அடினின் இருந்த இடம் தைமினாக மாறும். இந்த வடு அவ்வளவு தனித்துவமானது, கட்டியின் மரபணுவை வாசித்தே "இவர் அந்தச் செடியை உட்கொண்டவர்" என்று சொல்லிவிடலாம். தைவானில் 1997-க்கும் 2003-க்கும் இடையில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் குடும்பச் சரக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. பால்கன் நாடுகளில், டான்யூபின் கிளையாறுகளின் கரையில், தலைமுறை தலைமுறையாக வந்த கிட்னி நோய்க்கும் இதுவே காரணம். அங்கே மருந்தாக அல்ல, கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டலோக்கியாவின் விதை மாவில் கலந்தது.

சீனாவில் குவான் மூ தொங் 2003-இல் நிறுத்தப்பட்டது, குவாங் ஃபாங் ஜி 2004-இல். ஆகவே இன்று ஒழுங்கான கடையில் மூ தொங் கேட்டால் அகேபியா வர வேண்டும். வர வேண்டும் என்பதற்கும் வருகிறது என்பதற்கும் இடையில் ஒரு மூட்டை இருக்கிறது, அதன் மேல் யாரோ எழுதிய ஒரு பெயர் இருக்கிறது.

மார்ச் 9

நேற்றைய குறிப்பில் திருத்தம். பிரஸ்ஸல்ஸ் பெண்கள் கஷாயம் குடிக்கவில்லை; பொடியை மாத்திரைக்கூட்டில் அடைத்து விழுங்கினார்கள். கூடவே பசியைக் குறைக்கும் ஆங்கில மருந்துகளும் அதே கலவையில் இருந்தன. பொடியாக விழுங்கும்போது செடி முழுவதும் உள்ளே போகிறது. காய்ச்சினால் கொஞ்சம் குறைவாக இறங்கலாம், ஆனால் கொதி அந்த அமிலத்தை அழிப்பதில்லை. "நல்லா சுண்டக் காய்ச்சினா விஷம் போயிடும்" என்ற நம்பிக்கை அக்கோனைட் கிழங்குக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அக்கோனைட்டை (ஃபூ ஸி) மற்றவற்றுக்கு முன்பே அரை மணி முதல் ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்கவிட்டால் அதன் கடும் விஷம் நீரில் உடைந்து பலவீனமாகிறது. நாக்கு நுனியில் வைத்தால் மரத்துப்போகக் கூடாது என்பது பழைய சோதனை. பொட்டாசியம் ஏறிய இதயத்துக்கு அந்தப் பந்தயமே வேண்டாம்.

அரிஸ்டலோக்கியா கிட்னியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டவருக்கு: சிறுநீரில் புரதம் அதிகம் இருக்காது, ஆனால் கிரியாட்டினின் மாதக்கணக்கில் ஏறும். இரத்தசோகை கிட்னி நிலைக்குப் பொருந்தாத அளவு மோசமாக இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கையிலேயே சிறுநீரில் சர்க்கரை வரும். இந்தக் கடைசி அடையாளத்தில் ஒரு கண்ணி: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு மருந்தாலேயே சிறுநீரில் சர்க்கரை வரும்.

மார்ச் 9, இரவு

தண்டைப் படம் எடுத்துப் போட்டு "இது எந்த மூ தொங்?" என்று கேட்காதீர்கள். வெட்டித் துண்டாக்கிய காய்ந்த தண்டில் படத்தைப் பார்த்துச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆய்வகத்தில் நிறப்பிரிகைச் சோதனை செய்தால்தான் தெரியும். அகேபியா என்றே வைத்துக்கொண்டாலும் 16-இல் இருக்கும் கிட்னிக்கு அது செய்யும் நன்மை ஒன்றும் பெரிதில்லை.

மார்ச் 11

"அப்ப எல்லாமே பொய்யா?" இல்லை. சோதனைக்கு நின்றவை சில உண்டு. எல்லாம் ஒற்றைச் சரக்கு அல்லது அளவு நிலையான தயாரிப்பு. 184 கிராம் பொட்டலம் அல்ல.

ஹுவாங் குவெய் கேப்சூல், மஞ்சள் செம்பருத்தி போன்ற ஒரு பூ. வேளைக்கு 2.5 கிராம், நாளைக்கு மூன்று வேளை. 417 பேரிடம் 24 வாரம், லோசார்ட்டன் 50 மில்லிகிராமோடு ஒப்பிட்டார்கள்; சிறுநீரில் புரதம் குறைவதில் பூ பின்தங்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் முதல், இரண்டாம் நிலை நோயாளிகள். புரதம் கசியும், வடிகட்டல் இன்னும் கெடாதவர்கள். 16-இல் இருப்பவருக்கு அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

லெய் கோங் தெங், "இடி தேவனின் கொடி". வேரிலிருந்து பிரித்தெடுத்த கிளைகோசைடு மாத்திரை, வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மூன்றாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பின். நான்ஜிங்கில் லி லெய்ஷி 1970-களின் இறுதியிலேயே நெஃப்ரைட்டிசுக்கு (சிறுநீரக அழற்சிக்கு) கொடுக்க ஆரம்பித்தார். சர்க்கரையால் புரதம் கசியும் 65 பேரிடம் முதல் மூன்று மாதம் 120, பிறகு 60 மில்லிகிராம் கொடுத்து, லோசார்ட்டன் வகையைச் சேர்ந்த வால்சார்ட்டனோடு ஒப்பிட்டதில் புரதம் நன்றாகவே குறைந்தது. விலையும் நன்றாகவே உண்டு: கல்லீரல் கெடும், வெள்ளணு குறையும், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், ஆண்களுக்கு விந்தணு குறையும். இதை மூலிகை என்று அழைப்பதை விட, செடியில் முளைத்த எதிர்ப்புசக்தி அடக்கி என்று அழைத்தால் மரியாதை சரியாக இருக்கும். காட்டிலிருந்து வெட்டிவந்த வேரின் பட்டையில்தான் நஞ்சு அதிகம். பட்டை உரிக்காமல் காய்ச்சிக் குடித்து இறந்தவர்கள் சீனாவில் உண்டு.

ஷென்சீ குருணை: மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி (வடிகட்டும் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோய்) உள்ள 190 பேரிடம் 48 வாரம், ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்ந்த சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. கவனிக்க: இந்த நோய் தானாகவே தணிவதும் உண்டு, அந்தச் சோதனையில் வெற்று மருந்துக் குழு இல்லை.

நியாவ் து ச்சிங் குருணை: தா ஹுவாங், ஹுவாங் சீ முதலான பலசரக்கு. காலை 6, பகல் 12, மாலை 6-க்கு ஒவ்வொரு பொட்டலம், இரவு 10-க்கு இரண்டு. மலம் நாளைக்கு இரண்டு முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே அளவுகோல். பிற்பட்ட நிலைக்காக உண்டானது. உங்கள் சின்சே போட்ட சீட்டின் எலும்புக்கூடு இதுதான் என்று நினைக்கிறேன், நடுவில் அவர் சொந்தமாகக் கீரைகளைச் சேர்த்துவிட்டார்.

மார்ச் 12

"மஞ்சள் செம்பருத்தி வெண்டைக்காய்க்குச் சொந்தக்காரனாமே, வெண்டைக்காயை ராத்திரி ஊறவெச்சு அந்தத் தண்ணிய குடிக்கட்டுமா?"

சொந்தக்காரன்தான், ஒரே பேரினம், அபெல்மாஸ்கஸ். மருந்தாக இருப்பது பூவின் ஃபிளேவனாய்டுகள். வெண்டைக்காயின் வழுவழுப்பு அல்ல. மாமா டாக்டராக இருந்தால் மருமகன் ஊசி போட முடியாது. வெண்டைக்காயைப் பொரியலாகவே சாப்பிடுங்கள், பொட்டாசியக் கணக்கில் சேர்த்து.

மார்ச் 14

சின்சே கொடுத்த கஷாயத்தில் கிரியாட்டினின் 320-இலிருந்து 250-க்கு இறங்கியது என்று ஒரு வாசகர் அடித்துச் சொல்கிறார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. எண் இறங்கியது சரி, ஏன் இறங்கியது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கஷாயத்தோடு கறியை நிறுத்தச் சொன்னாரா? சமைத்த இறைச்சி கிரியாட்டினினை நேரடியாகவே ஏற்றும், நிறுத்தினால் குறையும். பசி கெட்டுத் தசை கரைந்ததா? கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் சிறுநீரகம் மாறாமலே எண் இறங்கும். லோசார்ட்டனையோ அது போன்ற பெரிண்டோப்ரிலையோ நிறுத்தினாரா? இந்த மருந்துகள் ஆரம்பத்தில் கிரியாட்டினினை 30 சதவீதம் வரை ஏற்றக்கூடும், அது அவை வேலை செய்யும் விதம். நிறுத்தினால் எண் அழகாக இறங்கலாம், ஆனால் கிட்னி தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லாரையும் ஏமாற்றுவது இந்த மூன்றாவதுதான்.

நான்காவது, மாத்திரையில் கள்ளத்தனமாகக் கலந்த ஸ்டீராய்டு. நெஃப்ரைட்டிஸ் உள்ளவருக்குப் புரதமும் கிரியாட்டினினும் நிஜமாகவே இறங்கும். பசி திடீரென்று ஏறுவது, முகம் உருண்டையாவது, சர்க்கரை எகிறுவது இதன் அறிகுறி. அப்படி இருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அட்ரீனல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக. தசையின் குழப்பத்தைத் தவிர்க்க சிஸ்டாட்டின் சி என்ற இரத்தச் சோதனை எடுக்கலாம், ஆனால் ஸ்டீராய்டு அந்த எண்ணை ஏற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலேசியாவில் பெட்டி மருந்து என்றால் "மால்" என்று தொடங்கி "டி" எழுத்தில் முடியும் பதிவெண் இருக்க வேண்டும். டி என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை அமைச்சின் தளத்தில் தேடி, வரும் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சின்சே கையால் கட்டும் பொட்டலத்துக்கு இந்தக் காவல் கிடையாது.

மார்ச் 17

காய்ச்சும் முறை கேட்டவர்களுக்கு. இது கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கான பதில்.

மண் சட்டி அல்லது எவர்சில்வர். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். சரக்குக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர், அரை மணி ஊறல். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம், வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு 15 முதல் 20 நிமிடம். இரண்டையும் கலந்து இரண்டு வேளை. சிப்பி, ஓடு போன்றவை முன்கூட்டியே அரை மணி. ச்சே ச்சியன் த்ஸி விதையைத் துணியில் முடிந்து போட வேண்டும், இல்லாவிட்டால் கஷாயம் சப்ஜா விதைப் பானம் மாதிரி கொழகொழவென்று அடிபிடிக்கும்.

தா ஹுவாங்கைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் பேதிமருந்து. முதலிலிருந்தே மணிக்கணக்கில் கொதித்தால் கழிக்கும் பொருள் உடைந்துபோய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும், மலச்சிக்கல் வரும். ஒரே வேர், ஒரே 10 கிராம். உங்கள் அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒன்றரை மணி நேரம் காய்ச்சியதாக எழுதியிருந்தீர்களே, அதனால்தான் வயிறு போகவில்லை. வயிறு போகாததால் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியும் அடைபட்டது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் குடல் வழியாகப் போகும் பங்கு கூடுதல்.

மார்ச் 20

சின்னச் சின்னதாக. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் வூ வெய் த்ஸி பழத்தைத் தொடவே வேண்டாம். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சீனாவில் அதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி, அந்த விலைமிக்க மருந்தைக் குறைவாகக் கொடுக்கிறார்கள். ஆனால் இரத்த அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு "தான் ஷென்" ஆகாது, இரத்தம் உறைவது மேலும் தள்ளிப்போகும்.

புழுப்பூஞ்சை (தோங் ச்சோங் ஸியா த்ஸாவ்) தங்க விலைக்கு வாங்கியவருக்கு: 2016-இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருப்பதாக எச்சரித்தது. சத்துணவுப் பொருளுக்கான வரம்பு 1. அங்கே சிறுநீரக மருத்துவர்கள் எழுதுவது காட்டுப் பூஞ்சையை அல்ல, தொட்டியில் வளர்த்த பூஞ்சைத் தூளை.

மார்ச் 22

"நம்ம நெருஞ்சில் இருக்கும்போது சீனன் எதுக்கு?" நெருஞ்சில் சீனத்திலும் இருக்கிறது, பாய் ஜி லி. ஆனால் அவர்கள் அதைத் தலைவலிக்கும் கண்ணுக்கும் தோல் அரிப்புக்கும் கொடுக்கிறார்கள். நாம் நீர்க்கடுப்புக்குக் காய்ச்சுகிறோம். ஒரே முள், இரண்டு ஊர்.

நம்ம ஊர் என்று மார்தட்டும் முன் இன்னொன்று. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி, இரண்டும் அரிஸ்டலோக்கியாதான். ஒன்று பிராக்டியோலாட்டா, மற்றது இண்டிகா. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் பெயர்போனவை, அதே அமிலம் உள்ளவை. ஆடு தின்னவில்லை என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

மார்ச் 27

கடைசியாக வாசகர் கேட்டிருப்பது: மிச்சம் 10 பொட்டலம் இருக்கிறது, சின்சே திரும்ப வாங்க மறுக்கிறார், வீணாக்காமல் வீட்டுத் தோட்டத்துக் கீரைப்பாத்திக்கு எருவாகப் போடலாமா?

போடாதீர்கள். அந்த மூ தொங் எது என்று இன்னும் தெரியாது. அரிஸ்டலோக்கிக் அமிலம் மண்ணில் இறங்கி வேர் வழியாகப் பயிருக்குள் ஏறும். மக்காச்சோளத்திலும் வெள்ளரியிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலித்தீன் பையில் கட்டி, மேலே "மருந்து" என்று எழுதிக் குப்பையில் போடுங்கள். ஒரு பொட்டலத்தை மட்டும் சீட்டோடு சேர்த்து எடுத்துவையுங்கள், அடுத்த முறை கிளினிக் போகும்போது டாக்டர் கேட்பார்.